பழைய தேருக்குப் புதுச் சக்கரம்

போன வாரம் ராஜபாளையத்துல இருந்து சித்தப்பா பையன் போன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கியிருக்கான். ரெண்டு கதவு, சிவப்புக் கலர், முதலாளி வெச்சிருந்தது ஒரு தகரக் கொட்டகையில. வருஷக்கணக்கா அசையாம நின்ன வண்டி.

"அண்ணே, சக்கரத்தை மாத்தணும். 16 இஞ்ச் இருக்கு. 18 அலாய் போட்டுடவா? சும்மா கெத்தா இருக்கும்."

டாக்டர்கிட்ட கேக்குற கேள்வியா இதுன்னு நினைக்காதீங்க. குடும்பத்துல கார் பைத்தியம் நான்தான். அவன்கிட்ட ஒரு பதில் கேள்வி கேட்டேன். "உன் வீட்ல இருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல, உன் காரை விட ரொம்பப் பழைய வண்டி ஒண்ணுக்கு சக்கரம் மாத்தியிருக்காங்களே, போய்ப் பாத்தியா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரைத்தான் சொன்னேன். அதைப் பத்திதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

தமிழ்நாட்டுப் பெரிய தேர்கள்ல அது ஒண்ணு. ஆடிப்பூரத்துல ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறி நாலு ரத வீதியும் சுத்துவாங்க. இன்னிக்கு அது ஓடுறது இரும்புச் சக்கரத்துல, ஹைட்ராலிக் பிரேக்கோட. அதுக்கு முன்னாடி எல்லாமே மரச் சக்கரம்தான். அந்தக் காலத்துல தேர் புறப்பட்டா நிலைக்கு வர நாள்கணக்கு ஆகும்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். "தேரை இழுத்துத் தெருவுல விட்ட கதை"ன்னு சும்மாவா சொன்னாங்க!

ஏன் அவ்வளவு கஷ்டம்? தேர்ச் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி ஆரக்கால் வெச்சது இல்லை. கனமான மரத்துண்டுகளைச் சேர்த்து, இரும்புப் பட்டை அடிச்சு, முழு வட்டமா செய்றது. அதுக்குள்ள அச்சு. பால் பேரிங் எதுவும் கிடையாது. உரசல் மொத்தத்தையும் இழுக்கிறவங்க தோள்தான் வாங்கணும்.

இன்னொரு சங்கதி. தேர் ஓடுறது வருஷத்துல கொஞ்ச நேரம். மிச்ச நாளெல்லாம் நிலையில நிக்கும். மொத்த எடையும் சக்கரத்தோட ஒரே இடத்துல உக்காரும். வெயில்ல மரம் சுருங்கும், மழையில ஊறும், இணைப்பு விடும். வட்டம் வட்டமாவே இருக்காது. தம்பியோட காருக்கும் அதே கதைதான்: நின்ன இடத்துலயே டயர் தட்டையாகி, ஓட்டினா ஸ்டியரிங் உதறுது. அவன் அலாயைக் குறை சொல்றான். முதல்ல டயரைப் பாருடான்னு சொல்லியிருக்கேன்.

சரி, தேரை எப்படித் திருப்புறது, எப்படி நிறுத்துறது? தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. பின்னாடி இருந்து சன்னை மரம் போட்டு நெம்புவாங்க. சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை கொடுத்து ஒரு பக்கத்தைத் தடுத்தா இன்னொரு பக்கம் திரும்பும். நிறுத்துறதுக்கும் அதே கட்டைதான். உருண்டு வர்ற சக்கரத்துக்குப் பக்கத்துலயே நடந்து, குனிஞ்சு, கட்டையைக் கொடுத்து, கையை எடுத்துடணும். ஒரு நொடி பிந்தினா...

இந்த இடத்துல டாக்டர் பேசித்தான் ஆகணும்.

பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு திருவிழா ராத்திரி, முட்டுக்கட்டை போடுற ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. தொடையில சக்கரம் ஏறியிருந்துச்சு. வெளியில பெரிய ரத்தம் இல்லை. நல்லாப் பேசினார். "சாமி காப்பாத்திட்டா டாக்டர்"னார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சீனியர் மட்டும் அவரோட சிறுநீர்ப் பையைக் காட்டினார். டீ டிகாக்‌ஷன் நிறம்.

நசுங்கின தசையில இருந்து மயோகுளோபினும் பொட்டாசியமும் ரத்தத்துல கலக்கும். முதல் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும், ரெண்டாவது இதயத்தை நிறுத்தும். 1941-ல லண்டன் குண்டுவீச்சுல இடிபாட்டுக்கு அடியில சிக்கி மீண்டவங்க, நல்லா இருக்காங்கன்னு நினைச்சப்போ சில நாள்ல சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸும் பீலும் பதிவு பண்ணினாங்க. க்ரஷ் சிண்ட்ரோம்னு நாங்க படிச்சது அதைத்தான். எங்க நோயாளி பிழைச்சார், கால் போயிடுச்சு. தேர்ச் சக்கரத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிறம்தான் ஞாபகம் வரும்.

இங்கிலீஷ்ல எதிர்ல வர்றதை எல்லாம் நசுக்கிட்டுப் போற சக்திக்கு 'ஜக்கர்நாட்'னு பேரு. பூரி ஜெகந்நாதர் தேர்ல இருந்து போன வார்த்தை. பக்தி மிகுதியில சக்கரத்துல விழுறாங்கன்னு வெள்ளைக்காரன் எழுதி வெச்சான். நிறுத்த பிரேக் இல்லாத வண்டி, நெரிசல் கூட்டம், விழுந்தவன் எழ இடமில்லை. இதை யோசிச்சிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பான். பூரியில தேரையே வருஷா வருஷம் புதுசா செய்றாங்க. நந்திகோஷத்துக்கு மட்டும் 16 சக்கரம், எல்லாம் மரம். நம்ம ஊர்ல தேர் நிரந்தரம். அதனால சக்கரம் மாத்துற பிரச்சனை நமக்குத்தான் வந்துச்சு.

அதுக்குப் பெரிய உதாரணம் திருவாரூர் ஆழித்தேர். பழைய தேர் 1920-களில் தீயில போயி, புதுசு 1930-ல ஓடுச்சு. 1948-க்கு அப்புறம் நின்னுபோச்சு. இருபது வருஷத்துக்கு மேல நிலையிலயே நின்ன தேர் 1970-ல மறுபடி ஓடுச்சு. சுமார் 300 டன். நாலு சக்கரம்னு வெச்சுக்கிட்டாலும் சக்கரத்துக்கு 75 டன். நம்ம தம்பி காருக்கு முன்னூத்திச் சொச்சம் கிலோ! அதுக்கு இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல். பாய்லர் செய்ற கம்பெனி! பிறகு எத்தனையோ ஊர்த் தேர்களுக்கு அவங்க சக்கரம் போயிருக்கு.

எனக்கு இரும்பை விட முக்கியமாப் படுறது பிரேக். முட்டுக்கட்டை இன்னும் இருக்கு, திருப்புறதுக்கு அதுதான். ஆனா நிறுத்துற மொத்தப் பொறுப்பும் குனிஞ்சு நிக்கிற ஒருத்தர் கையில இல்லை.

மரம் போனதுல வருத்தப்படுறவங்க உண்டு. மரச் சக்கரம் கிறீச்சிட்டு வர்ற சத்தமே தனிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரே நாள்ல தேர் நிலைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு யாரும் வராம இருக்குறதுதான் எனக்குத் திருவிழா.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். அலாய்க்கும் ஒரு குட்டி வரலாறு இருக்கு. 1924-ல பிரான்ஸ், லியோன் கிராண்ட் பிரி. புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினியச் சக்கரத்தோட வந்துச்சு, பிரேக் டிரம்மும் அதோட ஒட்டினது. சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சு. டயர் சரியில்லாம பந்தயம் கையை விட்டுப் போச்சு. சக்கரத்தைத் தனியாத் தேர்ந்தெடுக்க முடியாதுங்கிறதுக்கு இதை விட நல்ல சாட்சி கிடையாது.

அதனால அவன்கிட்ட கேக்கச் சொன்னது: போல்ட் வட்டம் பொருந்துதா, நடு ஓட்டை ஹப்புல சரியா உக்காருதா, ஆஃப்செட் எவ்வளவு, சக்கரத்துல பொறிச்சிருக்கிற சுமை அளவு உன் வண்டிக்குப் போதுமா. 18 போட்டா டயர் மெலியும், நம்ம ஊர்ப் பள்ளத்துல ரிம் விரியும். பழைய செகண்ட்ஹேண்ட் அலாய் வாங்கினா வெல்டிங் தடம் இருக்கான்னு உள்பக்கம் திருப்பிப் பாரு. பிரேக் டிஸ்க்கை மட்டும் தள்ளிப் போடாதே.

நேத்து ராத்திரி மெசேஜ் வந்துச்சு. 16-லயே இருக்கப் போறானாம். "ஆனா கறுப்புக் கலர் அடிச்சுக்கிறேன்ணே"ன்னு போட்டிருந்தான். அடிச்சுக்கட்டும்.