மாஸ்கிங்

ஆட்டிசம் உள்ளவர்கள் தம் இயல்பை மறைத்து மற்றவர்களைப் போல நடந்துகொள்வதைக் குறிக்கும் சொல். முகமூடியைச் சுட்டும் 'மாஸ்க்', இத்தாலிய 'மாஸ்கெரா'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய வேர் எதுவென்பதில் இழுபறிதான்.

ஆய்வாளர் லாரா ஹல் குழுவினரின் 25 கேள்விகள் கொண்ட அளவுகோல் இந்த மறைப்பை ஈடுகட்டல், மாஸ்கிங், ஒட்டிப்போதல் என மூன்றாகப் பிரிக்கிறது. பேச்சில் மூன்றுக்கும் மாஸ்கிங் என்றே பெயர். கண்ணைப் பார்க்க முடியாமல் எதிராளியின் புருவத்தைப் பார்த்துப் பேசுவது, கையை உதறத் தோன்றும்போது பைக்குள் விரலை நெரிப்பது எல்லாம் இதில் அடங்கும். 'நடிப்பு' என்று தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏமாற்று வாடை அடிக்கிறது. நடுவயதில் ஆட்டிசம் கண்டறியப்படும் பலருக்குத் தாம் மறைத்துவந்ததே அப்போதுதான் தெரிகிறது. எது இயல்பு, எது பழகிய பாவனை என்று பிரிக்கத் திணறுகிறார்கள்.