கட்டுமரம்

மொன்றியலின் பழைய துறைமுகத்தில் 'கட்டமரான்' என்று யார் சொன்னாலும், ஆங்கிலமானாலும் பிரெஞ்சானாலும், அதற்குள் நம் 'மரம்' இருக்கிறது. கட்டுமரம் வினைத்தொகை: கட்டிய, கட்டுகின்ற, கட்டும் மரம். கரையேறியதும் அவிழ்த்து உலரவைத்து, அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். ஆக, மூன்று காலமும் பொருந்தும். கடலோரச் சொல்தான். ஆனால் மிதக்கும் எடை குறைந்த மரத்தைத் தந்தது காடு.

1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் இச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதினார். இன்றைய இரட்டை உடல் படகில் கட்டும் இல்லை, பல சமயம் மரமும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மொன்றியல் துறைமுகம் அமைந்த சென் லோரன்ஸ் ஆற்றில் முதற்குடிகள் ஓட்டியது வேறொரு காட்டுப் படகு. வெள்ளை பிர்ச் மரத்தின் பட்டை உடலாகும், சீடர் விலா எலும்பாகும், ஸ்ப்ரூஸ் வேர் தையல் நூலாகும். ஸ்ப்ரூஸ் பிசின் இடுக்குகளை அடைக்கும். ஆணி ஒன்றுகூட வேண்டாம். மொன்றியலை வளர்த்த மென்மயிர்த்தோல் வணிகம் இந்தப் பட்டைப் படகுகளில்தான் அருகிலுள்ள லஷீனிலிருந்து மேற்கே போனது. 'கனூ' என்ற அதன் பெயரோ இந்த ஊர்ச் சொல்லல்ல. கரிபியத் தீவுகளில் ஸ்பானியர் கேட்டு எடுத்துவந்தது.