படித்துறையும் டபராவும்: தி. ஜானகிராமனின் சிறு இன்பங்கள்

காதலைத் தன் வாழ்நாள் பொருளாகக் கொண்ட எழுத்தாளர் ஒருவரின் ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும்? நாவலை மூடி வைத்த கையோடு இப்படியொரு கற்பனையில் இறங்காத வாசகர் குறைவு. யமுனாவைப் படைத்தவரின் வீட்டிலும் ஏதோவொரு மோகம் தூபம்போல் சூழ்ந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மை மிக எளிமையானது. தி. ஜானகிராமன் முதலில் பள்ளி மணிக்குக் கட்டுப்பட்ட ஆசிரியர். பின்னர் வானொலி நிலையத்தின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட அலுவலர். தமிழின் தலைசிறந்த காதல் நாவல்களுள் சில, மாதச் சம்பளக்காரர் ஒருவரின் ஓய்வு நேரத்தில் பிறந்தவை.

அந்த ஓய்வு நேரத்தை நிரப்பியவை எவை, அவை எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவருடைய கலையின் இரகசியம் பெரிய உணர்ச்சிகளைக் காட்டிலும் சிறிய இன்பங்களில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜானகிராமன் 1921இல் மன்னார்குடிக்கு அருகிலுள்ள தேவங்குடியில் பிறந்தார். தந்தை தியாகராஜ சாஸ்திரிகள் வடமொழிப் புலமையும் இராமாயணப் பிரவசனத் திறமும் உடையவர். ஆகவே கதை சொல்லும் குரல் ஒன்றைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே வீட்டில் கேட்டு வளர்ந்தவர் என்று கொள்ளலாம். படிப்பு தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நடந்தது. பத்தாண்டுகளுக்குமேல் பள்ளிகளில் கற்பித்துவிட்டு, 1950களில் சென்னை வானொலியின் கல்வி ஒலிபரப்பில் சேர்ந்தார். பிறகு தில்லிக்கு மாற்றலானார். ஓய்வுக்குப்பின் ‘கணையாழி’ ஆசிரியப் பொறுப்பையும் ஏற்ற அவர், 1982இல் மறைந்தார்.

அவர் இளைஞராக இருந்த காலத்துக் கும்பகோணத்தை இலக்கிய வரலாறு தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும் அவ்வூர்க்காரர்கள். பட்டுச் சரிகை வணிகத்தில் இருந்த எம்.வி. வெங்கட்ராம், வேதமும் வடமொழியும் கற்ற கரிச்சான் குஞ்சு ஆகியோர் ஜானகிராமனோடு ஏறத்தாழ ஒரே வயதினர். பார்வை மங்கி அரசுப் பணியை விட்ட கு.ப.ரா., சிகிச்சைக்குப்பின் பார்வை மீண்டும் எழுத்தையே நம்பி வாழ்ந்து, 1944இல் காலமானார். ஆண் பெண் உறவைக் கூச்சமின்றி, அதே வேளையில் அடக்கம் குன்றாமல் எழுதலாம் என்ற துணிவை இந்த இளைஞர்களுக்கு வழங்கியவர் அவர். சினிமாக் கொட்டகையைத் தவிரப் பொழுதுபோக்கு அதிகமில்லாத ஊரில், பேச்சே அன்றைய பெரிய கேளிக்கை. கொழுந்து வெற்றிலையும் சீவலும் இருந்தால் அந்தப் பேச்சு இரவு வரை நீளும். கும்பகோணம் வட்டாரத்து வெற்றிலை ஆற்றோரக் கொடிக்கால்களில் விளைவது. 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இலக்கியத்திலும் அதற்கொரு பங்குண்டு என்று சொல்ல ஆசையாக இருந்தது.

இரண்டாவது இன்பம் இசை. உமையாள்புரம் சுவாமிநாதையர் முதலியோரிடம் ஜானகிராமன் முறையாகச் சங்கீதம் பயின்றார். சுவாமிநாதையர் தியாகராஜரின் சீடர் வழி வந்தவர். 1936இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற பெரியவர். ஒரு பிடியை நூறு தடவை பாடவைத்து, அது தானாக உள்ளே இறங்கும்வரை விடாத பயிற்சி முறை அது. ‘மோகமுள்’ளின் ரங்கண்ணாவைப் படைப்பதற்கு அத்தகைய பயிற்சியின் அருமையும் அலுப்பும் தெரிந்திருக்க வேண்டும். அந்நாவலில் பாபு தம்பூராவின் சுருதியில் கரைந்துபோகும் இடங்களையும், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் நினைவில் கரைந்துபோகும் இடங்களையும் அடுத்தடுத்துப் படித்தால், எழுதியவருக்கு இரண்டும் ஒரே அனுபவத்தின் இரு நிலைகள் என்பது விளங்கும்.

மூன்றாவது இன்பம் ஆறு. இங்கே சற்று வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. ஜானகிராமனின் பிள்ளைப் பருவத்துக் காவிரி, குடகில் பெய்த மழையின் போக்குக்கு ஏற்ப வந்த ஆறு. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது அவருக்கு மூன்று வயது. மறு ஆண்டே மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டபோது பதின்மூன்று. அதன்பின் புதுநீர் வரும் நாளை வானம் மட்டும் முடிவு செய்யவில்லை. மதகைத் திறக்கும் அரசாங்கமும் முடிவு செய்தது. ஜூன் 12 என்ற தேதி குறுவை விவசாயியின் பஞ்சாங்கத்தில் ஏறியது. வாய்க்காலில் முதல் நீர் நுரையும் சருகுமாக வருவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடுவதும், ஆடிப் பதினெட்டுக்குச் சித்திரான்னங்களோடு ஆற்றங்கரைக்குப் போவதும், ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு மாயவரம் செல்வதும், கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் ஊற்றுத் தோண்டுவதும் ஓர் ஆண்டின் சுற்று. இந்தச் சுற்று தெரியாதவருக்கு ‘அம்மா வந்தா’ளின் வேதபாடசாலை ஏன் காவிரிக் கரையில் இருக்கிறது என்பதும், அப்பு சென்னைக்குப் போனதும் ஏன் கரையில் போட்ட மீனாகிறான் என்பதும் முழுதாகப் பிடிபடாது.

நான்காவது, காப்பி. தமிழர்கள் என்றென்றும் காப்பி குடித்து வந்ததுபோல் நாம் பேசுகிறோம். ஆ.இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் காட்டியதுபோல், இப்பழக்கம் மிக அண்மையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நுழைந்து, பழைய சோற்று நீராகாரத்தை இடம்பெயர்த்து, பெரியவர்களின் கண்டனங்களையெல்லாம் மீறி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களின், அடையாளமாயிற்று. ஜானகிராமனின் தலைமுறை காப்பியைப் பிறப்புரிமையாகக் கொண்ட முதல் தலைமுறைகளுள் ஒன்று. கும்பகோணத்துக் ‘டிகிரி காப்பி’யின் பெயர், பாலின் கெட்டியைப் பால்மானி காட்டும் டிகிரியிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். கறந்த பால், புதிதாக வறுத்து அரைத்த கொட்டை, முதல் டிகாக்‌ஷன், பித்தளை டபரா எல்லாம் கூடிவந்தால்தான் அது காப்பி என்பது அவ்வூரின் சித்தாந்தம். ஜானகிராமனின் மனிதர்கள் துக்கத்திலும் காப்பி குடிக்கிறார்கள், சமாதானத்துக்கும் காப்பி குடிக்கிறார்கள். ஒருத்தி ஒருவனுக்குக் காப்பியை எப்படி வைத்துவிட்டுப் போகிறாள் என்பதிலேயே அவளுடைய மனம் தெரிந்துவிடுகிறது.

இவற்றை வெறும் பின்னணி விவரங்களாகக் கொள்வது பிழை. ஜானகிராமனிடம் காதல் தனியாக எழுவதில்லை. நாக்கும் செவியும் தோலும் ஏற்கெனவே விழித்திருக்கும் ஒருவனிடத்தில்தான் அது எழுகிறது. ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்த ‘மோகமுள்’ளை அன்றைய வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்தனர். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலோடு, அந்த அறையில் இன்னும் சிறிது நேரம் இருக்கலாமே என்ற ஆசையும் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அறைக்கு வாடகை கொடுத்தது யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

மேற்சொன்ன இன்பங்கள் அனைத்தும் நெல்லின் மேல் நிற்பவை. பாட்டு வாத்தியாருக்குக் காணிக்கையும், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சோறும், தெருவாசிகளின் பிற்பகல் ஓய்வும் குறுவையும் சம்பாவும் தாளடியும் தந்தவை. அந்த நிலங்களில் இறங்கி உழுதவர்களும் நட்டவர்களும் அறுத்தவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பண்ணையாட்கள். 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் கீழத் தஞ்சையில் விவசாயிகள் சங்கம் கட்டியபோது, அவர்கள் எதிர்த்த தண்டனைகளின் பெயர்கள் சாட்டையடியும் சாணிப்பாலும். ஜானகிராமன் கல்லூரி முடித்து ஆசிரியராக இருந்த அதே ஆண்டுகள். அவர் பிறந்த அதே மன்னார்குடிப் பக்கம். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, பண்ணையாளை நினைத்தபோது விரட்டுவதைத் தடுத்துக் கூலியையும் வரையறுத்தது. ஆனாலும் 1968 டிசம்பர் 25 இரவில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் போராடிவந்த கீழவெண்மணியில் 44 தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர்.

ஜானகிராமனுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும், ஆனால் அவர் பார்த்த இடம் வேறு. இன்பத்தின் பின்னுள்ள நெல்லை அவர் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தார். ‘மோகமுள்’ளிலேயே, தந்தை இறந்தபின் ஆதரவு சுருங்கி யமுனாவின் வீடு பட்டினியில் விழுகிறது. மராட்டியத் தாய்க்குப் பிறந்த அந்த அழகியின் கம்பீரம், வரவேண்டியது வராதபோது எப்படி மெலிகிறது என்பதை அவர் தயவின்றி எழுதியிருக்கிறார். ‘பாயசம்’ கதையில், கல்யாண வீட்டின் உச்ச இன்பமான பாயசத்தையே ஒரு கிழவரின் பொறாமை கவிழ்த்துவிடுகிறது. எலி விழுந்திருந்தது என்ற பொய்தான் அவருக்குத் துணை. ‘சிலிர்ப்’பில், ரயிலில் தந்தையோடு வரும் சிறுவன், ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை, கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு சிறுமியிடம் கொடுத்துவிடுகிறான். ஒரு பழம், ஒரு கை, தந்தைக்கு ஒரு சிலிர்ப்பு. வேறெதுவும் அக்கதையில் நடப்பதில்லை. ஆனால் டெல்டாவின் ஏழைக் குடும்பங்கள் தம் குழந்தைகளை எங்கெங்கோ அனுப்பிப் பிழைத்த வரலாறு அந்த ரயில் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சிறு இன்பத்தின் முழு எடையையும் அறிந்தவரால்தான் அதை இன்னொருவருக்குக் கொடுப்பதன் எடையையும் எழுத முடியும்.

எனினும் வயலுக்குள்ளிருந்து அவர் எழுதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எழுதியவர் அவருடைய மாணவர் என்பது தமிழ் இலக்கியத்தின் அழகான தற்செயல்களுள் ஒன்று. கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி, பள்ளியில் ஜானகிராமனிடம் படித்தவர். பின்னாளில் இருவரும் தில்லியில் வாழ்ந்தனர். ஆசிரியர் ‘மரப்பசு’வில் திருமணத்துக்குள் அடங்காத அம்மணியின் காதல்களை எழுதிய அதே 1970களின் நடுவில், மாணவர் கீழவெண்மணியைப் பின்புலமாகக் கொண்டு ‘குருதிப்புன’லை எழுதினார். அந்நாவலுக்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆசிரியருக்கு ‘சக்தி வைத்தியம்’ சிறுகதைத் தொகுதிக்காக அதே விருது வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல். ஒரே ஆற்றின் இரு கரைகளை இரு தலைமுறையினர் பகிர்ந்துகொண்டு எழுதியதுபோல் இதைக் காண்கிறேன். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் படிக்காதவர் தஞ்சையைப் பாதியே அறிந்தவர்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஜானகிராமன் தம் டெல்டாவைப் பெரும்பாலும் அதை விட்டு விலகியபின்தான் எழுதினார். மோட்டார் வண்டிகளும் அலுவலகக் கோப்புகளும் நிறைந்த சென்னையிலும், தண்ணீரின் ருசி வேறான தில்லியிலும் இருந்துகொண்டு எழுதியவருக்குக் காவிரி கண்முன் ஓடுவதாக இருக்கவில்லை. நினைவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். நினைவு பெரிய நிகழ்ச்சிகளைவிட வாசனைகளையும் ருசிகளையும் நன்றாகக் காப்பாற்றும். சிட்டியோடு காவிரியின் தடம் பற்றிப் பயணம் செய்து ‘நடந்தாய் வாழி காவேரி’ என்ற நூலை 1971இல் அவர் வெளியிட்டது, அந்த நினைவை நேரில் சரிபார்க்கப் போனதுபோல்தான் இருக்கிறது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் ஆடிப்பெருக்கைக் குழாய்த் தண்ணீரில் கொண்டாடும் படித்துறைகள் உண்டு. கும்பகோணம் டிகிரி காப்பி என்ற பலகை நெடுஞ்சாலைகளெங்கும் தொங்குகிறது. கும்பகோணத்துக்கும் அந்தக் காப்பிக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இழந்துவிட்டோமே என்று புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை; அந்தப் பழைய இன்பங்கள் எல்லோருக்கும் கிடைத்தவையும் இல்லை. உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய காலத்தில், அதே ஊரில், அதே காப்பியை வாசலில் நின்றுகூடக் கேட்க முடியாதவர்கள் இருந்தார்கள்.

அப்படியானால் ஜானகிராமனை எப்படிப் படிப்பது? குற்ற உணர்வோடு படிக்க வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டும் படிக்க வேண்டியதில்லை என்பேன். அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய ஒரு சம்பளக்காரர், தமக்குக் கிடைத்த இரண்டு மணி நேரத்தில், ஒரு வாய்க் காப்பியையும் ஒரு ராகத்தின் பிடியையும் ஒரு பெண்ணின் நிமிர்ந்த பார்வையையும் வீணாக்காமல் எழுதி வைத்தார். ரயிலில் அந்தச் சிறுவன் பழத்தை நீட்டியதுபோல அவர் அவற்றை நம்மிடம் நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளும்போது, அந்தப் பழம் எந்தத் தோட்டத்தில் யாருடைய கையால் விளைந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நம் பொறுப்பு.