திண்ணையின் வாடகை

வேலை செய்கிறவர்களை ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்து வேலை வாங்குவது முதலாளிக்கு லாபமா, அவரவர் வீட்டிலேயே செய்து கொண்டு வரச் சொல்வது லாபமா? 2020-ம் ஆண்டில் கொள்ளை நோய் வந்து கம்பெனிக் கதவுகளைச் சாத்தியபோது, இது ஏதோ புத்தம் புதிய கேள்வி போல எல்லோரும் பேசினார்கள். கம்ப்யூட்டர் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே இதற்குக் கணக்குப் போட்டு விடை கண்டவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் பீடி முதலாளிகள்.

பீடி சுற்ற யந்திரம் வேண்டாம். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்ட வேண்டும். மடியில் ஒரு சுளகு இருந்தால் போதும். கொட்டகையில் சுற்றினாலும் திண்ணையில் சுற்றினாலும் பீடி ஒன்றுதான். கூலியும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான். இரண்டு பக்கத்திலும் சமமாக இருப்பதைத் தள்ளிவிட்டால், மிஞ்சுகிற வித்தியாசம் இடத்தைப் பற்றியது. அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்துக் கொண்டேன்.

கொட்டகை என்றால் வாடகை உண்டு. விளக்கு, குடிதண்ணீர், கக்கூஸ், மேஸ்திரி எல்லாம் உண்டு. அதற்கு மேல் சட்டமும் உண்டு. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் இல்லாமல் வேலை நடக்கும் இடத்தில் 20 பேர் இருந்தால் அது தொழிற்சாலை என்று அப்போது இருந்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? கொட்டகையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். இலையையும் தூளையும் காண்டிராக்டர் கையில் கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1958-ல் சென்னை ராஜ்யம் பீடி நடக்கும் இடங்களுக்கென்றே தனிச் சட்டம் செய்தது. ஆனால், ஒரு ராஜ்யத்தில் சட்டம் வந்தால், சட்டம் இல்லாத பக்கத்து ராஜ்யத்துக்குத் தொழில் நடந்து போய்விடும். மூட்டை கட்ட எத்தனை நேரம் ஆகும்? தூக்கிப் போக யந்திரமா இருக்கிறது?

இதைப் பார்த்துத்தான் 1966-ல் இந்தியா முழுவதற்கும் பொதுவாகப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை கட்டிற்று. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குத் தனி இடம், 250 பேர் இருந்தால் சாப்பாட்டு விடுதி என்றெல்லாம் விதித்தது. இவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்றும் செய்தது: முதலாளியோ காண்டிராக்டரோ கொடுத்த சரக்கை வாங்கி வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று எழுதி வைத்தது.

1968-ல் கேரள அரசாங்கம் இந்தச் சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தது. கண்ணனூர்ப் பகுதியில் பீடி நடத்தி வந்த மங்களூர் முதலாளிகள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். அக்டோபர் மாதத்தில் கொட்டகைகளைப் பூட்டினார்கள். சுமார் 12,000 பேர் தெருவில் நின்றார்கள்.

கொட்டகையை அவர்கள் வெறுத்தது வாடகைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மலபார்ப் பீடிக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக் கொண்டே சுற்றுவார்கள். படித்தவருடைய பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்து விடுவார்கள். உலக நடப்பைத் தெரிந்து கொண்டவர்கள் உள்ளூர்க் கூலியைப் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? 1930-களிலேயே அங்கே சங்கம் வைத்து வேலை நிறுத்தமும் செய்தார்கள். நூறு பேர் ஒன்றாக உட்காருவதற்கும் ஒரு விலை உண்டு. எந்தப் பேரேட்டிலும் அதற்குத் தனிப் பத்தி கிடையாது. முதலாளிக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

வேலை இழந்தவர்கள் 1969 பிப்ரவரியில் கூட்டுறவு முறையில் தினேஷ் பீடியைத் தொடங்கினார்கள். 20 ரூபாய்ப் பங்குக்குத் தொழிலாளி கையிலிருந்து 1 ரூபாய். மீதி 19 ரூபாய் அரசாங்கக் கடன். கொட்டகையிலேயே உட்கார்ந்தார்கள், பத்திரிகையும் படித்தார்கள், சட்டம் சொன்ன சலுகைகளையும் கொடுத்தார்கள். 1980-களில் ஏறத்தாழ 40,000 பேர் அதில் இருந்தார்கள். தாங்க முடியாத செலவு என்று ஒருவர் பூட்டிப் போன கொட்டகையை, இன்னொருவர் திறந்து வைத்துக் கொண்டு பல வருஷம் பிழைக்க முடிந்தது.

நம் திருநெல்வேலிச் சீமைக் கதை வேறு. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துத் தெருக்களில் மத்தியான வேளையில் நடந்து போயிருக்கிறேன். வாசலுக்கு வாசல் சுளகும் மடியுமாகப் பெண்கள். "குழந்தையைப் பார்த்துக் கொள்ளலாம், உலையையும் பார்த்துக் கொள்ளலாம்" என்பார்கள். வாஸ்தவம்தான். அந்தச் சௌகரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் திண்ணைக்கு வாடகை யார் கொடுத்தது? விளக்குக்கு யார் கொடுத்தது? இலை குறைந்தால் கடையில் சொந்தக் காசுக்கு வாங்கி இட்டு நிரப்பியது யார்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கட்டிய கட்டுக்குக் கூலி எந்த ஏட்டில் ஏறியது? புகையிலைத் தூசி தூளி வரைக்கும் பறந்ததே, அதன் வைத்தியச் செலவு யாருடையது? இத்தனையும் முன்பு கொட்டகையில் இருந்த செலவுகள்தான். ஒன்றும் மாயமாகிவிடவில்லை, இடம் மாறி வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டன.

வீட்டில் மேஸ்திரி இல்லையே என்றால், அவர் சம்பளமும் முதலாளிக்கு மிச்சம். கொண்டு வந்த பீடியைப் பார்த்து, "இது ஆகாது" என்று கழித்துவிடுவது ஒன்றே போதும். வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தைப் பீடிக்கு நீட்டியபோது, "வீட்டில் சுற்றுகிறவர்களை நாங்கள் மேற்பார்வை செய்யவில்லை, அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல" என்று முதலாளிகள் வாதித்தார்கள். கழிக்கிற உரிமை இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். ஷாங்காய் நகரத்தில் சிட்ரிப் என்ற பிரயாணக் கம்பெனி 2010-ம் ஆண்டின் கடைசியில் ஒரு பரீட்சை செய்து பார்த்தது. டெலிபோனில் பதில் சொல்லும் ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டது. வேலை 13 சதவிகிதம் கூடிற்று. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர் மிச்சம் என்று கணக்காயிற்று. கம்பெனிக்குப் பிரமாதமான சந்தோஷம்.

இந்தப் பரீட்சையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: ஊழியருக்கு வீட்டில் தனி அறை இருக்க வேண்டும். அந்த அறை யாருடைய செலவு? இன்னொரு சங்கதி. முடிந்த பிறகு "இஷ்டம் போல் செய்யுங்கள்" என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் ஆபீசுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். தனிமை தாங்கவில்லையாம். கண்ணனூர்க் கொட்டகையில் பத்திரிகை கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திராது.

வீட்டு வேலை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அது வரப்பிரசாதம். யாராவது அது எத்தனை மலிவு என்று கணக்குக் காட்டினால், இரண்டாவது ஏடு ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்கிறேன். அந்த ஏட்டை முதலாளி எழுதுவதில்லை. வீட்டிலே சம்பளப் பணத்தை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கிறாளே, அந்த அம்மாள் எழுதுகிறாள்.