வீசைக்கல்லும் பொட்டி தட்டுற மாப்பிள்ளையும்

போன மாசம் மூணு நாள் லீவு போட்டுட்டு மாயவரம் போயிருந்தேன். 1982லயே மயிலாடுதுறைன்னு பேரை மாத்திட்டாங்க, ஆனா எங்க மாமனார் வாயில இன்னிக்கும் மாயவரம்தான். ஊர் சுத்தப் போகலீங்க. மாமாவுக்கு எழுபது தாண்டியாச்சு, அத்தைக்கு முழங்கால் வலி. ரேழி, முற்றம், கொல்லைன்னு ரயில் பெட்டி மாதிரி நீளமா கிடக்குற வீட்டைக் கூட்டிப் பெருக்கவே ஒரு ஆள் வேணும். சென்னையில எங்களுக்குப் பக்கத்துலயே ரெண்டு பெட்ரூம் வீடு பாத்தாச்சு. ரெண்டு தலைமுறை சாமானை அந்த ரெண்டு ரூமுக்குள்ள அடக்கணும். அதுதான் வேலை.

நான் பொட்டி தட்டுறவனாச்சே! போன உடனே எக்ஸெல் ஷீட் திறந்து 'எடுத்துட்டுப் போறது', 'கொடுத்துடறது', 'பழைய இரும்புக் கடைக்கு'ன்னு மூணு பிரிவு போட்டேன். தங்கமணி ஒரு பார்வை பாத்தாங்க. நான் கண்டுக்கலை.

ரெண்டாம் நாள் பரண்ல இருந்து ஒரு கோணி மூட்டை இறங்குச்சு. மாமாவோட அப்பா மளிகைக் கடை வச்சிருந்தவர். உள்ள இரும்பு எடைக்கல்லுங்க, பித்தளைப் படி, ஒரு ஆழாக்கு, டப்பா நிறைய பழைய காசு. யோசிக்காம மூணாவது பிரிவுல போட்டேன். மாமா ஒண்ணும் சொல்லலை. படியை எடுத்து வேட்டியில துடைச்சுக்கிட்டே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சார்.

ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. ரெண்டு உழக்கு ஒரு உரி. ரெண்டு உரி ஒரு படி. எட்டு படி ஒரு மரக்கால், பன்னெண்டு மரக்கால் ஒரு கலம். எடையில மூணு தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இன்னிக்குக் கணக்குல பலம் சுமார் 35 கிராம், வீசை சுமார் 1.4 கிலோ. காசுன்னா ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நாலு காலணா. டப்பாவுக்குள்ள நடுவுல ஓட்டை போட்ட காலணாவும் இருந்துச்சு. இரண்டாம் உலகப்போர் சமயத்துல செம்பு தட்டுப்பாடு, அதனால 1943ல இருந்து இப்படி ஓட்டையோட அடிச்சாங்க.

கேக்கக் கேக்க எனக்கு ஒண்ணு உறைச்சுது. ஆழாக்குல இருந்து படி வரைக்கும் 1, 2, 4, 8. காசுலயும் 4, 16, 64. அட, இது நம்ம பைனரி! காரணமும் எளிசுதான். எதையும் பாதியாக்கக் கண்ணும் கையும் போதும், இல்லன்னா ஒரு தராசு. பத்துல ஒரு பங்கு பிரிக்கத்தான் அளவுகோல் வேணும்.

அப்புறம் ஏன் மாத்தினாங்க? படின்னு பேர் ஒண்ணா இருந்தாலும் ஊருக்கு ஊர் அளவு வேற. நாடு முழுக்க வியாபாரம் நடக்கணும்னா இது ஆகாது. அதனால 1956ல எடை அளவுச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முந்தியே, 1955ல, நாணயச் சட்டத்தைத் திருத்தியிருந்தாங்க. 1957 ஏப்ரல் 1 முதல் (தேதியப் பாத்து சிரிக்காதீங்க) ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964ல 'நயா' போய் வெறும் பைசா ஆச்சு.

கொஞ்ச வருஷம் ரெண்டு காசும் சேந்தே ஓடுச்சு. இங்கதான் நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச ரவுண்டிங் பக். ஒரு அணா 6.25 நயா பைசா, அதை 6ன்னு வச்சாங்க. ரெண்டணா 12, மூணணா 19, நாலணா 25. அப்போ அணா சாமானை நாலு தடவை தனித்தனியா வாங்கினா 24, மொத்தமா வாங்கினா 25! "எங்கப்பா ஏமாறுறது தெரிஞ்சேதான் குடுப்பாரு. ஒரு பைசாவுக்காக சின்னப் புள்ளைங்களோட மல்லுக்கட்டுறதான்னு"ன்னு மாமா சிரிச்சார்.

எடைக்கல்லு 1958 அக்டோபர்ல இருந்து கட்டம் கட்டமா மாறி, 1962 வாக்குல கிலோ கட்டாயம் ஆச்சு. அப்ப மாமா பள்ளிக்கூடத்துப் பையன். ஒரு பலம் மல்லி கேட்டு வர்ற பாட்டிகளுக்கு 20, 10, 5 கிராம் கல்லை அடுக்கிக் கொடுத்தது அவர்தானாம். "கல்லு மாறிச்சு, ஆனா எங்கப்பா தராசு ஒருநாளும் சாயலை மாப்ளே."

மறுநாள் பழைய இரும்புக்காரர் எலக்ட்ரானிக் தராசோட வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆர்வக்கோளாறுல வீசைக்கல்லைத் தூக்கி அது மேல வச்சேன். 1.360. "மாமா, நாப்பது கிராம் கொறையுதே!"

சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு புரிஞ்சுது. தங்கமணி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அத்தை உள்ள போயிட்டாங்க. மாமா முகம் சுண்டிப் போச்சு. ரொம்ப நேரம் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தார்.

அப்புறம் மெதுவா கல்லைத் தூக்கிக் கவுத்தினார். அடியில ஒரு குழி. காலியா இருந்துச்சு.

"இதுல ஈயம் ஊத்தியிருக்கும் மாப்ளே. முத்திரை குத்துறது அதுலதான். எப்பவோ உதிர்ந்து போச்சு."

ஈயம் கனமானது, அந்தக் குழிக்கு நாப்பது கிராம் தாராளமா வரும். மனசுக்குள்ள கணக்குப் போட்டும் பாத்துட்டேன். எடை போடுறதுக்கு முன்னாடி கவுத்துப் பாத்திருக்கணும். "மன்னிச்சுக்கோங்க மாமா"ன்னேன். "அட போங்க மாப்ளே"ன்னார்.

ஷீட்ல அந்த வரியை நானே முதல் பிரிவுக்கு மாத்தினேன். மத்த கல்லெல்லாம் இரும்புக்காரரோட போயிடுச்சு, அதை மாமாவே எடுத்துக் கொடுத்தார். ஆழாக்கு இப்ப அத்தையோட அரிசி டப்பாவுல கிடக்கு. வீசைக்கல்லு, பால்கனிக் கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க முட்டுக்கொடுத்து நிக்குது. குழி மேல தெரியுற மாதிரிதான் மாமா வச்சிருக்கார்.