ஒரே காயினில் மொத்தப் பணத்தையும் போடலாமா? பெரம்பலூர் மக்காச்சோளம் சொல்லும் 'பொசிஷன் சைஸிங்' கணக்கு

"மச்சான், இது கண்டிப்பா ஏறும்டா. கையில இருக்கிறதை எல்லாம் போட்டுடு." கிரிப்டோகரன்சி பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் வட்டாரத்தில் இந்த வசனம் கட்டாயம் வந்துவிடும். இதில் ரெண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'இது ஏறும்' என்பது நம்பிக்கை. ஆங்கிலத்தில் கன்விக்‌ஷன் என்பார்கள். 'எல்லாத்தையும் போடு' என்பது அளவு. முதலீட்டு உலகில் இதற்குப் பெயர் பொசிஷன் சைஸிங். முதலாவது சரியாக இருந்தாலும் ரெண்டாவது தப்பானால் என்ன ஆகும் என்பது பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும்.

2018-ல் என்ன நடந்தது?

மானாவாரி நிலம் அதிகமுள்ள பெரம்பலூர் மாவட்டம், தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பேர் போனது. பக்கத்தில் அரியலூரிலும் சாகுபடி உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் எப்போதும் வேண்டும். அதனால் விளைந்தால் விற்றுவிடும் என்ற நம்பிக்கையில் தப்பே இல்லை. ஆனால் 2018-ல் வந்தது அமெரிக்கன் படைப்புழு. அந்த ஆண்டுதான் இந்தியாவுக்குள்ளேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்ட புழு அது. குருத்துக்குள் புகுந்து தின்றதில் வயல் வயலாகப் பயிர் போனது. அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் பாதிப்பு.

கவனியுங்கள், கோழித்தீவனத்துக்கான தேவை குறையவில்லை. போட்ட கணக்கு சரி. கணக்கிலேயே இல்லாத ஒன்று வந்து அடித்தது. ஐந்து ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டவருக்கும், இரண்டு ஏக்கரில் மக்காச்சோளமும் மீதியில் பருத்தி, சின்ன வெங்காயமும் போட்டவருக்கும் புழு ஒன்றுதான். ஆனால் அடுத்த வருஷ விதைப்புக்கு யார் கையில் காசு இருந்தது என்பதில்தான் வித்தியாசம். (சின்ன வெங்காயக்காரர்கள் விலை எவ்வளவு ஏறினாலும் பட்டறையில் விதைக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைப்பார்களே, அதுவும் ஒருவகை பொசிஷன் சைஸிங்தான்!)

கிரிப்டோவில் 'படைப்புழு' எது?

2024 ஜூலை 18. வாசிர்எக்ஸ் கிரிப்டோ தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் ஹேக்கர்களால் திருடப்பட்டன. கணக்குகள் முடக்கப்பட்டன. அந்தத் தளத்தில் அதே ஆண்டு ஜனவரியில் சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். திருடு போனது வேறு வகை டோக்கன்கள், என் காயின்களைத் தொடவே இல்லையே என்பது அவரது வாதம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோகரன்சி என்பது ஒருவர் உரிமை கொண்டாடக்கூடிய, அனுபவிக்கக்கூடிய சொத்துதான் என்று உத்தரவிட்டார். மனுதாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது.

இந்த வழக்கில் நமக்கு வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கும் கீழே இருந்த எக்ஸ்ஆர்பி, 2025 ஜூலையில் 3 டாலரைத் தாண்டியது. அதாவது காயின் மீது வைத்த நம்பிக்கை ஜெயித்தது! ஆனால் ஏறிய நேரத்தில் விற்க முடியவில்லை. வாசிர்எக்ஸ் மீண்டும் வர்த்தகத்தைத் தொடங்கியதே சுமார் 15 மாதம் கழித்துத்தான். அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததாக இருந்தால்?

சரி, எவ்வளவு போடலாம்?

எத்தனை மடங்கு வரும் என்று ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு போனால் வீடு தாங்கும் என்று ஆரம்பியுங்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பு 10 லட்சம் ரூபாய், அதில் 2 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் போனால் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பிட்காயின் 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்டு, ஒரே வருஷத்தில் 16,000 டாலருக்கும் கீழே போனது. முக்கால் பங்குக்கு மேல் சரிவு. எனவே 80 சதவீதம் இறங்கலாம் என்று எடுத்துக்கொண்டால், போடக்கூடியது 25,000 ரூபாய். 80 சதவீதம் போனாலும் நஷ்டம் அந்த 20,000-க்குள் நிற்கும். சின்னச் சின்ன காயின்களுக்கு இந்தக் கணக்கும் ஆகாது. 2022 மே மாதம் லூனா காயின் சில நாட்களிலேயே கிட்டத்தட்ட பூஜ்யம் ஆனது. அங்கே போட்டது முழுவதும் போகும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

'எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி, அதனால் ஜாஸ்தி போடுறேன்' என்பது தப்பா?

முழுசாகத் தப்பில்லை. 1956-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி வெளியிட்ட சூத்திரமே, வெல்லும் வாய்ப்பு கூடினால் தொகையைக் கூட்டு என்றுதான் சொல்கிறது. போட்டதற்குச் சமமாக லாபமோ நஷ்டமோ வரும் ஒரு பந்தயத்தில் வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்றால், கையிருப்பில் 20 சதவீதம் போடலாம். 55 என்றால் 10 சதவீதம்தான். சிக்கல் இங்கேதான். உண்மையில் 55 ஆக இருப்பதை நீங்கள் 60 என்று நம்பி ஒவ்வொரு முறையும் 20 சதவீதம் போட்டால், எத்தனை தடவை ஆடினாலும் காலப்போக்கில் பணம் வளராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கும் மேலே போட்டால் கரையும். நம்பிக்கையில் வெறும் 5 புள்ளி கூடிப்போனதற்கு இந்த விலை. யூடியூப் வீடியோ பார்த்து வந்த நம்பிக்கை எத்தனை புள்ளி கூடுதலாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விலை பாதியானதும் 'சீப்பா கிடைக்குது' என்று இன்னும் வாங்கிப் போடுவதும் இதே ஆபத்துதான். அப்படி வாங்குவதாக இருந்தால், அதற்கான பணமும் அந்த 25,000-க்குள்ளேயே இருக்க வேண்டும். நகையை அடகு வைத்தோ, விதைப்புக்கு வைத்த காசை எடுத்தோ போடுவது இந்தக் கணக்கிலேயே வராது. வட்டிக்கும் மழைக்கும் காயின் விலை தெரியாது.

பிரித்துப் போட்டால் போதாதா?

ஷேர் மார்க்கெட்டில் சொல்லும் இந்த யோசனை இங்கே முழுசாகச் செல்லாது. பிட்காயின் விழும்போது மற்றவையும் சேர்ந்தே விழுவது வழக்கம். அதைவிடப் பலருக்குத் தெரியாதது வரி. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயின் நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் உங்கள் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனாலும் 31,200 ரூபாய் வரி கட்டியாக வேண்டும். அந்த நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. விற்கும்போது ஒரு சதவீத டிடிஎஸ் தனி. நஷ்டத்துக்கு விற்றாலும் அது பிடிக்கப்படும், பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், வாங்கிய தேதி, தொகை, தளத்தின் பெயர், இருப்பு இவற்றை இன்றே பதிவிறக்கிச் சேமித்து வையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் தளம் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். 2023 மார்ச் முதல் கிரிப்டோ தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு இருப்பதால் பணத்துக்கு உத்தரவாதம் கிடையாது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு மாதிரி எதுவும் கிரிப்டோவுக்கு இல்லை.