கறுப்பு மசி மட்டும் போதுமா?



போன மாதம் நெய்வேலியிலிருந்து என் பேத்தி குறிஞ்சிப்பாடிக்கு வந்து நான்கு நாள் தங்கினாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். இரவில் ஒரு சிலேட்டு மாதிரிக் கருவியில் படக்கதை வரைந்து, வாரத்துக்கு ஒரு பக்கம் இணையத்தில் ஏற்றுகிறாள். முழுக்க முழுக்கக் கறுப்பு வெள்ளை. கதை அவளுடைய ஆயாவைப் பற்றியது. அதாவது என் மனைவி படுக்கையில் கிடந்த அந்தக் கடைசி வருஷத்தைப் பற்றியது.

"தாத்தா, எல்லாரும் கலர் போடச் சொல்றாங்க. கலர் இருந்தாத்தான் போன்ல விரலை நிறுத்திப் பார்ப்பாங்களாம். போடட்டுமா?" என்று கேட்டாள். மாதிரிக்கு ஒரு பக்கத்துக்கு வண்ணம் போட்டும் வைத்திருந்தாள். கூடத்துக் கட்டில், அதன்மேல் சிவப்பு ரப்பர் ஷீட், மஞ்சள் பூத்த முகம். அந்தப் பக்கத்தை முன்பே கறுப்பு வெள்ளையில் பார்த்திருக்கிறேன். அப்போது பார்க்க முடிந்தது. இப்போது முடியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"வேண்டாம்மா."

"ஏன் தாத்தா? நீங்க பழைய காலத்து ஆளுங்கறதாலயா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. காரணம் எழுதாமல் "நிராகரிக்கப்பட்டது" என்று குறிப்பு போடும் அதிகாரிகளைப் பார்த்து 34 வருஷம் மனதுக்குள் திட்டியவன் நான். அதனால் என் காரணங்களை இங்கே வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பேனா முள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்களுக்கு எழுத்துப் பயிற்சி என்றால் இரும்பு முள்ளை மசிக்கூட்டில் தோய்த்து எழுதுவதுதான். கீழே இழுக்கும்போது அழுத்த வேண்டும், கோடு தடிக்கும். மேலே ஏற்றும்போது கையைத் தளர்த்த வேண்டும், கோடு மெலியும். 'ப்ளேன்', 'தெலியே' என்று அதற்குப் பெயர். பிரான்சில் 1965-ல்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்துமுனைப் பேனாவை அனுமதித்தார்கள். படம் வரைகிறவனின் கோடும் இந்த அழுத்தமும் தளர்வும்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அந்தக் கறுப்பு மசியை ஆங்கிலேயர்கள் இந்திய மசி என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சீன மசி என்பார்கள். இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சீன மசி என்று சொல்லப் பழகியவர்கள் நாங்கள்.

படக்கதையைத் தொடங்கிவைத்தவர் என்று பலரும் சொல்வது ஜெனீவா நகரத்துப் பள்ளி ஆசிரியர் ரொதோல்ஃப் தொப்ஃபெரை. ஓவியராக ஆசைப்பட்டவர். கண்பார்வைக் கோளாறால் அது நடக்கவில்லை. மாணவர்களைச் சிரிக்க வைக்கக் கட்டம் கட்டமாகப் படம் போட்டு, கீழே இரண்டு வரி எழுதினார். ஜெர்மன் மகாகவி கோத்தேயே கைப்பிரதியில் பார்த்து ரசித்தார். 1830-களில் அவை புத்தகமாயின. தனி வகைத் தாளில் பிசுக்கு மசியால் வரைந்தால் அது அப்படியே கல்லில் இறங்கி அச்சாகும். படத்தையும் எழுத்தையும் ஒரே பேனாவால், கடிதம் எழுதுகிற வேகத்தில் போடலாம். ஆக, படக்கதை பிறந்ததே கையெழுத்தோடு ஒட்டித்தான். அதில் வண்ணத்துக்கு வேலையே இல்லை.

அடுத்து தென்தென், இங்கே சொல்கிற டின்டின். நான் சிறுவயதில் படித்தவை எல்லாம் வண்ணப் புத்தகங்கள். ஆதியிலேயே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு, பாரீஸில் இருக்கும் உறவினர் ஒருவர் பழைய பதிப்பின் மறு அச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதுதான் தெரிந்தது. எர்ழே 1929 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் தொடங்கியபோது அது கறுப்பு வெள்ளை. 1942-ல் பதிப்பாளர் 62 பக்கம், வண்ணம் என்று கட்டளை போட்டதால் பழைய கதைகளை வெட்டி, திருத்தி வரைந்தார்கள். 'நீலத் தாமரை' கதையை எர்ழே 1934-ல் தொடங்கும்போது, பெல்ஜியத்துக்குச் சிற்பம் படிக்க வந்திருந்த சாங் என்ற சீன மாணவரிடம் தூரிகை பிடிக்கவும், சீனாவைச் சரியாகப் பார்க்கவும் கற்றுக்கொண்டார். அந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் ஷாங்காய் தெரு இரவு இரவாகவே இருக்கிறது. வண்ணப் பதிப்பு அழகுதான். ஆனால் அந்த இருட்டு கொஞ்சம் வெளுத்துப் போனது மாதிரி எனக்குத் தோன்றும்.

நம் பக்கம் வருவோம். ஆனந்த விகடனைக் கையில் வைத்து வளர்ந்தவர்களுக்கு மாலி, கோபுலு, சில்பி பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஏன் அவ்வளவு கோடு போட்டார்கள் தெரியுமா? அன்றைய அச்சில் மசி உண்டு, அல்லது இல்லை. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. புகைப்படம் மாதிரி நிழல் வேண்டுமென்றால் புள்ளி புள்ளியாக 'ஹாஃப்டோன்' பிளாக் செய்ய வேண்டும். செலவு அதிகம், மட்டமான காகிதத்தில் அப்பிக்கொள்ளும். 'லைன் பிளாக்' மலிவு, தெளிவு. அதனால் நிழலையும் கோட்டாலேயே காட்டினார்கள். சில்பி கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' படங்களில் கல்லின் பளபளப்புகூடத் தெரியும். எல்லாம் கோடு. கோபுலு எதிர்த் திசையில் போனார். எதை வரையாமல் விடலாம் என்று பார்த்தார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் போட்ட படங்களில் ஒரு வளைவிலேயே நாதஸ்வரக்காரரின் மிடுக்கு வந்துவிடும். ஒரு வார்த்தை இல்லாத அவருடைய நகைச்சுவைப் படங்களுக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி, ஆபீஸ் கோப்புக்குள் வைத்துப் படித்தேன். (ஓய்வூதியத்தை நிறுத்திவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அது 1962-ல் 'வேலியன்ட்' என்ற ஆங்கில வார இதழில் தொடங்கிய கதை. வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஜெசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் மிதக்கும். சுற்றிலும் கறுப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு கை. எங்கள் வயதுக்காரர்களில் அதைப் பார்த்து இரவில் பயப்படாதவர் யார்? அந்தப் படத்துக்கு வண்ணம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் நியாயமாகச் சொன்னால் இன்னொரு பக்கமும் உண்டு. 'கேப்டன் டைகர்' என்று நாம் படித்த கதை பிரெஞ்சில் 'ப்ளூபெர்ரி'. 1963 முதல் ழான் ழிரோ வரைந்தது. மூலத்தில் வண்ணக் கதை. தமிழில் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. பாலைவன மணலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும், எது மணல் எது வானம் என்று தேட வேண்டும். பிறகு வண்ணத்தில் வந்தபோதுதான் அந்தக் கதைக்கு மூச்சு வந்தது. வண்ணத்துக்கென்று வரைந்ததில் வண்ணத்தை உருவக் கூடாது. கறுப்புக்கென்று வரைந்ததில் வண்ணத்தை அப்பக் கூடாது. இது என் முதல் முடிவு.

என் சொந்த அனுபவம் ஒன்று. எழுபதுகளில் ஆபீஸ் மனமகிழ் மன்றத்துக்காக ஸைக்ளோஸ்டைல் பத்திரிகை ஒன்று நடத்தினோம். படம் போட்டவன் நான். மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீற வேண்டும், கீறின இடத்தில் மசி இறங்கும். முழுக் கறுப்பு வேண்டும் என்று ஒரு முறை சுரண்டினேன். தாள் கிழிந்து, நாற்பது பிரதியிலும் தலைமைக் குமாஸ்தாவின் மீசை இருந்த இடத்தில் மசிக் குளம்! அன்று கற்றேன்: கறுப்பு வேண்டுமானால் கோடுகளை நெருக்கிப் போடு, முழுதாகச் சுரண்டாதே. பிறகு பதவி உயர்வு, குடும்பம், கடன் என்று எழுத்தாணியை வைத்துவிட்டேன். திரும்ப எடுக்கவில்லை. என் மனைவி மட்டும் அந்த இதழ்களைப் பரணில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். பேத்திக்கு அதைக் காட்டியதும் அவள்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்துக்காகவும் அச்சுக்காகவும் கறுப்பு. பேத்தி கேட்டால் மடக்கிவிடுவாள்: "போன்ல கலருக்குக் காசே இல்லையே தாத்தா!" உண்மைதான். அப்படியானால் வசதி இருந்தும் கறுப்பைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்க்க வேண்டும்.

ஆதிமூலம் அப்படிப்பட்டவர். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து சென்னை ஓவியக் கல்லூரிக்குப் போனவர். எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஓவியர். ஆனால் 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு அவரை வரைய எடுத்தது வெறும் கோட்டைத்தான். அதே கைதான் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் படம் போட்டது. கரிசல் மண்ணும் கறுப்புதானே.

இன்னொருவர் மர்ழான் சத்ராபி. ஈரானில் பிறந்து பாரீஸில் குடியேறியவர். 'பெர்செபோலிஸ்' என்று நான்கு பாகங்களை 2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் வெளியிட்டார். அதை நான் மூல மொழியிலேயே படித்தேன், அந்தப் பள்ளிப் படிப்புக்கு ஒரு நன்றி. முதல் பாகத்துக்கு முன்னுரை எழுதியவர் தவீத் பே. தன் அண்ணனின் வலிப்பு நோயைப் பற்றி ஆறு பாகம் கறுப்பு வெள்ளையில் வரைந்தவர். சத்ராபி புரட்சியை, போரை, சிறையில் செத்த அப்பாவின் சகோதரரை வரைகிறார். பின்னணி முழுக் கறுப்பு, முகங்கள் எளிமை. ரத்தம் சிவப்பாக இல்லை. அதனால் நாம் ரத்தத்தைப் பார்த்து மிரண்டு பக்கத்தைத் திருப்புவதில்லை, அந்த மனிதரைப் பார்க்கிறோம். டெஹ்ரான் தெருவும் எங்கோ ஒரு வண்ணமயமான அந்நிய ஊராக இல்லாமல், நம் பக்கத்துத் தெருவாகிவிடுகிறது.

ஈழத்துக் கதையும் உண்டு. கிளிநொச்சியில் ஐ.நா. பணியில் இருந்து, 2008 செப்டம்பரில் அங்கிருந்து வெளியேற வேண்டி வந்தவர் பெஞ்சமின் டிக்ஸ். அவர் எழுத, லின்ட்சே போலக் வரைந்த 'வன்னி' 2019-ல் புத்தகமாக வந்தது. ஒரு மீனவக் குடும்பம் சுனாமியிலிருந்து போர் முடிவு வரை படும் பாடு. அதுவும் கறுப்பு வெள்ளை. அதையே வண்ணத்தில் முழுதும் படித்து முடித்திருப்பேனா என்பது சந்தேகம்.

இவ்வளவையும் பேத்தியிடம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "வடலூர்ல தைப்பூசத்துக்குக் கறுப்புத் திரையைத்தானே தாத்தா முதல்ல விலக்கறாங்க?" என்றாள். சிரித்துவிட்டேன். வள்ளலார் ஊருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான்.

அப்புறம் அவளே ஒன்று சொன்னாள். "தாத்தா, அந்தக் கலர் பக்கத்தைப் போட்டப்போ ஆயா முகத்துக்கு எந்த மஞ்சள்னு நான் பத்து தடவை மாத்தினேன். ஒவ்வொரு தடவையும் நோயாளிதான் வந்தாங்க. ஆயா வரல." நான் சொன்ன ஊர் உலகச் சரித்திரத்தைவிட அந்த ஒரு வரி கனமானது. என் கேள்விக்கான பதிலும் அதுதான்.

வண்ணம் போடவில்லை. ஆனால் ஒரு பக்கத்தைத் திருத்தச் சொன்னேன். அவள் ஆயா, எங்கள் மாமனார் வீட்டுத் தறியில் உட்கார்ந்து கைலி நெய்கிற பக்கம். கட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரிச் சதுரமாக இருந்தன. "உங்க ஆயா பார்த்தா, இது எந்த ஊர்க் கைலின்னு கேட்பா" என்றேன். பீரோவிலிருந்து அவள் நெய்த கைலி ஒன்றை எடுத்து விரித்தேன். பச்சை, அரக்கு, நீலம். எந்த இழைக்கு எத்தனை கோடு, எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி என்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். அரக்குக்கு நெருக்கக் கோடு, நீலத்துக்குக் குறுக்குக் கோடு, பச்சைக்குப் புள்ளி என்று முடிவானது. என் கை நடுங்குகிறது, ஆனாலும் ஒரு மூலைக் கட்டத்தை நான்தான் போட்டேன்.

அது அடுத்த வாரம் வருகிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய முத்து காமிக்ஸோ, விகடன் பைண்டிங்கோ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் பேரப்பிள்ளைகளிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.